வாசகர் கேள்வி - பதில்: சாயம் வெளுத்தது, உப்பு நின்றது

திருப்பூர்ச் சாயப்பட்டறைக் கழிவு கலந்த நொய்யல் ஆற்றில் முன்போலச் சிவப்பும் நீலமுமாகத் தண்ணீர் ஓடுவதில்லை. ஆனாலும் எங்கள் கிணறு உப்புக் கரிக்கிறதே, ஏன்?
– வாசகர், சென்னிமலை

கண்ணை உறுத்தியது சாயம். கிணற்றைக் கெடுத்தது உப்பு. பருத்தித் துணியில் ரியாக்டிவ் சாயம் (இழையோடு வேதிமுறையில் பிணையும் சாயம்) ஏற, தொட்டியில் உப்புப் போட்டாக வேண்டும். அடர்நிறத்துக்கு லிட்டருக்கு 60 கிராம் என்பது சாதாரணம். ஒரு கிலோ துணிக்கு 6 லிட்டர் தண்ணீர் என்று வைத்தாலே 360 கிராம் உப்பாகிறது. சாயத்தில் பெரும்பகுதியாவது துணியோடு ஒட்டிக்கொள்ளும். உப்பு ஒட்டாது, அத்தனையும் அலசும் தண்ணீரோடு வெளியே வந்துவிடும்.

சுண்ணாம்பும் ஃபெரஸ் சல்பேட்டும் கலந்தால் நிறம் சேறாகப் படிந்துவிடும். தண்ணீர் தெளிந்திருப்பதைப் பார்த்துச் சுத்தமாகிவிட்டது என்று நம்பியதுதான் பழைய சுத்திகரிப்பின் கோளாறு. பாசனத்துக்காக நொய்யலின் குறுக்கே கட்டி 1992-ல் திறந்த ஒரத்துப்பாளையம் அணை, அந்த உப்புத் தண்ணீரைத் தேக்கிச் சுற்றுவட்டாரக் கிணறுகளுக்கு இறக்கிவிட்டது. ஒரு சொட்டுக் கழிவும் வெளியே போகக்கூடாது என்ற நிபந்தனையை நிறைவேற்றாத சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் உத்தரவிட்டது. உப்பைத் தடுத்துத் தண்ணீரை மட்டும் விடும் ஆர்.ஓ. சவ்வில் வடித்து, மிஞ்சும் கழிவைக் காய்ச்சி உப்பைத் தனியே எடுத்தால்தான் அந்த நிபந்தனை நிறைவேறும்.

ஏற்கெனவே மண்ணில் இறங்கிய உப்பு மட்காது, ஆவியாகவும் செய்யாது. கிணற்று நீரைப் பாய்ச்சுகிறீர்கள். தண்ணீர் வெயிலில் போய்விட, உப்பு மேல்மண்ணில் தங்குகிறது. அடுத்த மழைக்கு அது அதே கிணற்றுக்குத் திரும்புகிறது. நல்ல மழை வருஷக்கணக்கில் கழுவிக் கொண்டுபோனால்தான் உண்டு.

ஜிப்சம் போட்டால் நிலம் சரியாகும் என்கிறார்கள். எவ்வளவு போடலாம்?
– வாசகி, காங்கேயம்

முதலில் உங்கள் நிலம் உவரா, களரா என்று பாருங்கள். காய்ந்ததும் மேலே வெள்ளையாகப் பூத்தால் உவர். அதற்கு ஜிப்சம் போடுவது வெட்டிச் செலவு. நல்ல தண்ணீர் விட்டுக் கழுவி, வடிகால் வழியே வெளியேற்றுவதுதான் வழி. காய்ந்தால் பாறையாக இறுகி, நனைந்தால் களியாகக் குழைந்து, தண்ணீர் இறங்காமல் நின்றால் களர். மண்ணின் கார அமில நிலை 8.5-ஐத் தாண்டியிருக்கும். இங்கேதான் ஜிப்சம் வேலை செய்யும். அதில் உள்ள கால்சியம், மண்ணைப் பிடித்திருக்கும் சோடியத்தைத் தள்ளிவிடும்.

பக்கத்துக்காட்டுக்காரர் போட்ட அளவு உங்களுக்கு ஒத்துவராது. மண் பரிசோதனையில் ‘ஜிப்சம் தேவை’ என்று கேட்டு வாங்குங்கள். சமப்படுத்தி, வரப்புக் கட்டி, ஜிப்சத்தைத் தூவி உழுது, ஒரு சாண் தண்ணீர் தேக்கி, பிறகு வடித்துவிட வேண்டும். பலர் கோட்டை விடுவது இந்தக் கடைசி வேலையில்தான். வடிகால் இல்லாவிட்டால் தள்ளப்பட்ட சோடியம் வயலிலேயே கிடக்கும். அடுத்து பசுந்தாள் உரப் பயிரான தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கும் பருவத்தில் மடக்கி உழுங்கள்.

கிணற்று நீர் கெட்டது பட்டறையாலா, ஊர்ச் சாக்கடையாலா? கண்டுபிடிக்க முடியுமா?
– வாசகர், திருப்பூர்

ஓரளவு முடியும். மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, ஒரு லிட்டர் கேனை அதே தண்ணீரில் மூன்று முறை அலசி, கழுத்து வரை நிரப்பி, அன்றே ஆய்வகத்தில் கொடுங்கள். குளிர்பான வாடை போகாத பாட்டில் வேண்டாம்.

அறிக்கையில் குளோரைடும் சல்பேட்டும் மட்டும் எகிறியிருந்தால் சாயக்கழிவைச் சந்தேகிக்கலாம். கூடவே நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டியிருந்தால் செப்டிக் டேங்க், சாக்கடை, மாட்டுக் கொட்டகை, யூரியா இவற்றில் ஏதோ ஒன்று. ஊர் பெருகிய வேகத்துக்குப் பாதாளச் சாக்கடை வராத இடங்களில் இது சகஜம். எல்லாப் பழியையும் பட்டறை மேல் போடுவது சரியல்ல. நைட்ரேட் கூடிய தண்ணீரில் கைக்குழந்தைக்குப் பால் கலக்கவே கூடாது.

கொதிக்க வைத்தால் உப்பு குறையுமா?
– வாசகி, வெள்ளகோவில்

குறையாது, அதிகமாகும். தண்ணீர்தான் ஆவியாகப் போகிறது. சோடியம், குளோரைடு, நைட்ரேட் எல்லாம் பாத்திரத்திலேயே நிற்கும். வீட்டு ஆர்.ஓ. குறைக்கும். ஆனால் அதன் கழிவுக் குழாயில் வரும் தண்ணீரில் உப்பு இன்னும் அதிகம். கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றிவிடாதீர்கள், கழிப்பறைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.