மாமாவும் டெலஸ்கோப்பும்

அன்புள்ள அண்ணா,

போன ஞாயித்துக்கிழமை மாமா வீட்டுக்கு வந்திருந்தார். ரிட்டையர் ஆகிட்டார், இனிமே ராத்திரி வானம் பாக்கப் போறேன், டெலஸ்கோப் வாங்கப் போறேன்னு சொன்னார். அரை மணி நேரம் அதைப் பத்திதான் பேச்சு. மறுநாள் காலையில ஃபேஸ்புக்கைத் திறந்தா டெலஸ்கோப் விளம்பரம். சத்தியமா சொல்றேன், நான் அதை ஒரு தடவை கூடத் தேடினதில்ல, வாயால பேசினதோட சரி. ஃபோன் நம்மள ஒட்டுக் கேக்குதுதானே?

கார்த்திக்

அன்புள்ள கார்த்திக்,

நீங்க தேடல, சரி. மாமா?

டெலஸ்கோப் வாங்கணும்னு முடிவு பண்ண மனுஷன் அதுக்கு முன்னாடி பத்து நாளாவது வீடியோ பாத்திருப்பார், விலை பாத்திருப்பார், எதையோ ஷாப்பிங் கார்ட்ல போட்டு வச்சிருப்பார். அந்த ஃபோனோட உங்க வீட்டுக்கு வந்து உங்க வைஃபைல கனெக்ட் பண்ணியிருந்தார்னா, வெளியிலேருந்து பாக்கிற கம்பெனிக்கு உங்க ரெண்டு ஃபோனும் ஒரே ஐபி அட்ரஸ், அதாவது இன்டர்நெட்ல ஒரே விலாசம். ஃபேஸ்புக்ல ரெண்டு பேரும் ஃப்ரெண்ட்ஸா வேற இருப்பீங்க. இதுலேருந்து 'இவங்க ரெண்டு பேரும் நெருங்கினவங்க, இவருக்குப் பிடிச்சதை அவருக்கும் காட்டிப் பாப்போம்'னு முடிவு பண்ண மைக் எதுக்கு? உங்க விஷயத்துல இதுதான் நடந்துச்சுன்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன், ஆனா நீங்க பேசினதால விளம்பரம் வந்ததா தோணுது பாருங்க, அது அப்படி இருக்கணும்னு இல்ல. மாமா தேடியிருப்பாரு, அதனால உங்ககிட்ட பேசியிருப்பாரு, அதே தேடலால விளம்பரமும் வந்திருக்கும். பேச்சும் விளம்பரமும் அண்ணன் தம்பி மாதிரி, ஒண்ணு இன்னொண்ணைப் பெத்துப் போடல.

இதை யாரும் சோதிக்காமலும் இல்ல. 2018ல அமெரிக்காவுல நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 17,000க்கும் மேல ஆண்ட்ராய்ட் ஆப்களை எடுத்து, எது என்ன அனுப்புதுன்னு பாத்தாங்க. ரகசியமா பேச்சை ரெக்கார்ட் பண்ணி அனுப்பின ஆப் ஒண்ணு கூட சிக்கல. ஆனா சில ஆப்கள் நம்ம ஸ்க்ரீன்ல நடக்கிறதையே படம் பிடிச்சு வேற கம்பெனிக்கு அனுப்பினது சிக்குச்சு. காதைப் பாத்து பயந்துட்டு இருந்தோம், கண்ணு வேலை செஞ்சிட்டு இருந்துச்சு.

கணக்கும் போட்டுப் பாருங்க. பேச்சை நல்லா சுருக்கி செகண்டுக்கு 24 கிலோபிட்னு அனுப்பினாக்கூட மணிக்கு கிட்டத்தட்ட 11 எம்பி, முழிச்சிருக்கிற 16 மணி நேரத்துக்கு 170 எம்பிக்கு மேல, தினமும், யாருக்கும் தெரியாம. ஐஃபோன்ல பேச்சுக்குப் பதில் சொல்ற சிரி, 'ஹே சிரி'ன்னா மட்டும் எப்படி எந்திரிக்குதுன்னு கேப்பீங்க, நியாயமான கேள்விதான். அது ஒரே ஒரு வார்த்தையோட சத்தத்துக்காக காத்திருக்கிற, ரொம்ப கம்மி கரன்ட் இழுக்கிற வேலை. விளம்பரத்துக்கு ஆயிரக்கணக்கான வார்த்தை வேணும், அப்போ பேட்டரியே காட்டிக் கொடுத்துடும்.

எனக்கு இதையெல்லாம் விட பெரிய ஆதாரமாத் தோணுறது பணம்தான். 2021ல ஆப்பிள், ஐஃபோன்ல மத்த ஆப்கள்ல நீங்க என்ன பண்றீங்கன்னு பின்தொடரணும்னா உங்ககிட்ட அனுமதி கேக்கணும்னு கட்டாயமாக்குச்சு. நிறைய பேர் வேணாம்னு அழுத்திட்டாங்க. இதால 2022ல மட்டும் சுமார் 1000 கோடி டாலர் வருமானம் போகும்னு ஃபேஸ்புக்கோட கம்பெனி மெட்டாவே சொன்னாங்க. மைக் வழியா எல்லாம் கேட்டுட்டு இருக்கிறவன் இதுக்கு ஏன் இப்படி அலறணும்?

அதுக்காக சந்தேகப்படுறவங்களை பைத்தியக்காரன்னு சொல்ல மாட்டேன், சந்தேகத்துக்கு தீனி போட்டது இந்தக் கம்பெனிகளேதான். ஸ்பெயினோட லா லிகா கால்பந்து ஆப், காசு கட்டாம மேட்ச் போடுற பார்களைப் பிடிக்க ரசிகர்களோட ஃபோன் மைக்கை உபயோகிச்சுது, 2018ல அவங்களே ஒத்துக்கிட்டாங்க. கூப்பிடாமலே சிரி முழிச்சிக்கிட்டு பேச்சைப் பதிஞ்சுதுன்னு போட்ட வழக்கை முடிக்க 2025 ஜனவரியில ஆப்பிள் 9.5 கோடி டாலர் தர சம்மதிச்சுது, தப்பு பண்ணலன்னு சொல்லிக்கிட்டேதான். காக்ஸ் மீடியா குரூப்னு ஒரு அமெரிக்க கம்பெனி 'நாங்க பேச்சைக் கேட்டு விளம்பரம் போடுவோம்'னு வாடிக்கையாளர்களுக்கு பெருமையா விளம்பரப்படுத்தி 2023-24ல மாட்டிக்கிச்சு. அப்படி நிஜமாவே கேட்டாங்கன்னு ஆதாரம் வரல. விளம்பர ஆளுங்க தன்னைப் பத்தியே விளம்பரம் பண்ணிக்கிட்டா எப்படி இருக்கும்னு நமக்குத் தெரியாதா.

சோதிச்சுப் பாக்கணும்னா ஒண்ணு சொல்றேன். நிறைய பேர் 'சும்மா தோணினதை' ஃபோன் முன்னாடி பேசிட்டு காத்திருக்காங்க. சும்மா எதுவும் தோணாது, காலையில எங்கயோ பாத்ததுதான் மண்டையில ஓடிட்டு இருக்கும். அகராதியை கண்ணை மூடிட்டு திறந்து, விரல் பட்ட பக்கத்துல முதல்ல வர்ற பொருளை எடுத்துக்கங்க, எதையும் டைப் பண்ணாம ஒரு வாரம் பேசுங்க. கூடவே இன்னொரு பொருளையும் அதே மாதிரி எடுத்து, அதைப் பத்தி பேசவே பேசாம, அதோட விளம்பரம் எத்தனை வருதுன்னும் எண்ணுங்க. இந்த ரெண்டாவதை யாருமே எண்ண மாட்டாங்க. நான் பண்ணிப் பாத்தேன், எனக்கு விழுந்தது ஏணி. வாரம் பூரா ஏணி ஏணின்னு பேசி வீட்டுல எல்லாரும் ஒரு மாதிரி பாத்ததுதான் மிச்சம்.

மைக் அனுமதியை தேவையில்லாத ஆப்களுக்கு எடுத்துடுங்க, ரெண்டு நிமிஷ வேலை. லொகேஷனையும் எடுங்க, அதைத்தான் முதல்ல எடுக்கணும்.

மாமா டெலஸ்கோப் வாங்கிட்டாரான்னு கேட்டுச் சொல்லுங்க. வாங்கியிருந்தாலும் உங்களுக்கு இன்னும் ஒரு மாசம் விளம்பரம் வந்துட்டுதான் இருக்கும்னு நினைக்கிறேன்.