1799 தேதியிட்ட அமெரிக்கச் செம்பு சென்ட் மலிவாகக் கிடைத்தால் வாங்கலாமா?

மலிவு என்றதும் எனக்குப் பகீரென்றது. முன்பணம் எதுவும் கட்டியிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

பிலடெல்பியா நாணயச்சாலை 1793 முதல் 1857 வரை அடித்த பெரிய செம்பு சென்டுகளில், ஆண்டுவாரியாகச் சேர்ப்பவர்களைத் திணறடிப்பது இந்த 1799தான். அந்த ஆண்டுக் கணக்கில் ஒன்பது லட்சத்துக்கு மேல் காட்டுகிறார்கள். ஆனால் அதில் பெரும்பகுதி 1798 தேதியுள்ள அச்சில் அடித்தது என்பதே சேகரிப்பாளர்களின் கருத்து. அமெரிக்க நாணயச் சேகரிப்பின் தந்தை என்று கொண்டாடப்படும் ஜோசப் மிக்லி, தான் பிறந்த 1799ஆம் ஆண்டுக் காசைத் தேடப் போய்த்தான் சேகரிப்பாளர் ஆனார் என்பார்கள். பியானோவும் வயலினும் பழுதுபார்த்துப் பிழைத்த மனிதர். பாவம், 1867இல் அவர் வீட்டிலேயே திருடு போனது.

தேவை இருந்தால் மோசடியும் வரும். 1798 காசின் கடைசி எட்டைச் சுரண்டி ஒன்பதாக்குவது பழைய வித்தை. பென்சில்வேனியாவில் ஒரு கண்காட்சியில் அப்படியொன்றை என்னிடமே நீட்டினார்கள். லென்ஸில் பார்த்தேன்: ஒன்பதைச் சுற்றி மட்டும் செம்பு வழவழவென்று பள்ளமாக இருந்தது, மற்ற இடமெல்லாம் இரண்டு நூற்றாண்டுச் சொரசொரப்பு. வியாபாரியிடம் சொன்னேன். "உங்களுக்கு வேண்டாமென்றால் வையுங்கள், வாங்க ஆள் இருக்கிறது" என்றார்.

உடனே யாராவது, "நாணயச்சாலையே அச்சில் எட்டின் மேல் ஒன்பதைப் பதித்து அடித்த அசல் காசும் உண்டே" என்று கிளம்புவார்கள். உண்டு, மறுக்கவில்லை. அதனால்தான் தேதியை மட்டும் பார்க்காதீர்கள் என்கிறேன். அந்தக் கால அச்சுகளில் எழுத்துகளைக் கையால் ஒவ்வொன்றாகப் பதித்தார்கள். ஒன்றைப்போல் இன்னொன்று இராது. 1799இல் அறியப்பட்டவை இரண்டே வகை. எழுத்துகளின் இடைவெளியும் பின்பக்க மாலையின் இலைகளும் அந்த இரண்டில் ஒன்றோடு பொருந்தவில்லை என்றால், தேதி எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். அசல் பெரும்பாலும் கறுத்துத் தேய்ந்துதான் வரும். பளபளப்பாக இருந்தால் கூடுதல் சந்தேகம் கொள்ளுங்கள்.

"செல்லாக்காசுக்கா இவ்வளவு ஆராய்ச்சி?" என்று என் உறவினர்கள் சிரிப்பார்கள். இதே ஆட்கள் நகைக்கடையில் சேதாரம் இத்தனை சதவீதம் என்றால் ஏன் என்று ஒரு வார்த்தை கேட்காமல் கட்டிவிட்டு, கடைக்காரர் கொடுக்கும் பையையும் நாள்காட்டியையும் பெருமையாக வாங்கி வருகிறார்கள். நான் ஒரு காசை லென்ஸில் பார்த்தால் மட்டும் கிறுக்கனாம்.