பழைய சிறு விமானத்தில் பறக்க அழைப்பு வந்தால் எதைக் கேட்க வேண்டும்?

கேள்வி: நண்பர் ஒருவர் ஒற்றை எஞ்சின் கொண்ட பழைய விமானம் ஒன்றை வைத்திருக்கிறார், உடன் பறக்க வருமாறு அழைக்கிறார். ஆண்டுப் பரிசோதனை முடிந்துவிட்டதாகச் சொல்கிறார். அது போதுமா? நடுவானில் எஞ்சின் நின்றுவிட்டால் என்ன ஆகும்?

பதில்: ஆண்டுப் பரிசோதனை அவசியமே, ஆனால் பிரித்துப் பார்க்கும்படி எந்தக் கையேடும் சொல்லாத பாகம் பல ஆண்டுகள் பார்க்கப்படாமலேயே இருந்துவிடலாம். 2015 மார்ச்சில் நடிகர் ஹாரிசன் ஃபோர்டு, இரண்டாம் உலகப் போர்க்காலப் பயிற்சி விமானம் ஒன்றில் தனியாகப் பறந்தபோது, புறப்பட்ட சற்று நேரத்தில் எஞ்சின் வலுவிழந்து, கலிபோர்னியாவின் சான்டா மோனிகா விமான நிலையத்தை ஒட்டிய கோல்ஃப் மைதானத்தில் விழுந்து பலத்த காயமடைந்தார். கார்புரேட்டருக்குள் எரிபொருளை அளந்துவிடும் ஜெட் என்னும் சிறு பாகம் தன் இருக்கையிலிருந்து கழன்று திரும்பி, அளவுக்கு மீறி எரிபொருளைப் பாய்ச்சியதே காரணம் என அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் கண்டறிந்தது. அந்த ஜெட்டைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு முறை சோதிக்க வேண்டும் என்ற அறிவுறுத்தல் பராமரிப்புக் குறிப்புகளில் இல்லை.

ஆகவே, பரிசோதனை முடிந்ததா என்று கேட்பதைவிட, பராமரிப்புப் பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள். எஞ்சினை முழுமையாகப் பிரித்துப் புதுப்பித்து எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது, எத்தனை ஆண்டுகள் ஆயின என்ற இரண்டையும் பாருங்கள். பல சிறு எஞ்சின்களுக்குத் தயாரிப்பாளர் பரிந்துரைக்கும் வரம்பு சுமார் 2000 மணி நேரம். குறைவாக ஓடிய எஞ்சின் என்பது தன்னளவில் நற்சான்று ஆகாது. மாதக்கணக்கில் நின்றுகிடந்த எஞ்சினின் உட்பாகங்களில் துரு ஏறும். எண்ணெய் வடிகட்டியை வெட்டித் திறந்து உலோகத் துகள் இருக்கிறதா என்று பார்த்த குறிப்பு இருந்தால் நம்பிக்கை கொள்ளலாம். சிலிண்டரோ எரிபொருள் குழாயோ அண்மையில் மாற்றப்பட்டிருந்தால், அதற்குப் பிந்தைய முதல் பறத்தலில் நீங்கள் ஏற வேண்டாம்.

எஞ்சின் நின்றால் விமானம் கல்லைப் போல் விழுந்துவிடாது. செஸ்னா 172 போன்ற சிறு விமானம், சரியான வேகத்தைக் காத்தால், காற்றில்லாத நிலையில், இழக்கும் உயரத்தைப் போல் ஏறக்குறைய ஒன்பது மடங்கு தூரம் மிதந்து செல்லும். அதாவது 300 மீட்டர் இறங்குவதற்குள் சுமார் 2.7 கிலோமீட்டர். போதிய உயரம் இருந்தால் இடம் தேர்ந்தெடுக்க நேரம் உண்டு. புறப்பட்ட உடனே, தாழ்வான உயரத்தில் எஞ்சின் நிற்பதுதான் ஆபத்து. அப்போது ஓடுபாதைக்கே திரும்பிவிடலாம் என்ற எண்ணம் எழுவது இயல்பு. ஆனால் 45 பாகை சாய்ந்து, உயரத்தை விட்டுக்கொடுக்காமல் திரும்பும்போது, இறக்கைகள் தாங்கும் திறனை இழக்கும் வேகம் ஏறத்தாழ 19 சதவீதம் உயர்ந்துவிடுகிறது. வேகம் குறைந்து தலைகுப்புறச் சரியும் விமானத்தை மீட்க அங்கே உயரம் இருக்காது. எஞ்சின் கோளாறைத் தாண்டி உயிரைப் பறிப்பது பெரும்பாலும் இந்தத் திருப்பமே என்பது என் கருத்து. "இங்கே எஞ்சின் நின்றால் எங்கே இறக்குவீர்கள்?" என்று புறப்படும் முன் நண்பரைக் கேளுங்கள். முன்னே இருக்கும் வெளியைக் கைகாட்டிச் சொல்பவருடன் போகலாம். கேள்விக்கே எரிச்சல்படுபவருடன் போக வேண்டாம்.

தரையில் அவர் செய்வதையும் கவனியுங்கள். தொட்டியின் அடியிலிருந்து சிறிது பெட்ரோலைக் கண்ணாடிக் குப்பியில் வடித்து, கீழே நீர்த்துளி தங்குகிறதா என்று வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். பின்னர், ஓடுபாதைக்கு அருகே, எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் மேக்னட்டோக்கள் இரண்டையும் ஒவ்வொன்றாக அணைத்துப் பார்ப்பார். சுழற்சி சற்றுக் குறைவது இயல்பு, எஞ்சின் குலுங்கினால் அன்றைய பயணத்தைக் கைவிட வேண்டும்.

இறுதியாக, தோள் வார், அதாவது தோளின் மேல் வரும் இருக்கைப் பட்டை. ஃபோர்டின் விபத்தில் அது முறையாகப் பொருத்தப்படாததால், பிணைத்திருந்த போல்ட் இருக்கையின் முதுகுத் தகட்டைப் பிய்த்துக்கொண்டு வந்தது. காயம் கடுமையானதற்கு அதுவும் காரணம் என்று அறிக்கை கூறுகிறது. பழைய விமானங்கள் பலவற்றில் தோள் வார் பிற்காலத்தில் சேர்க்கப்பட்டதே. ஆகையால் அதன் மேல் முனை மெல்லிய தகட்டிலா, விமானத்தின் சட்டத்திலா பிணைக்கப்பட்டுள்ளது என்று கேளுங்கள், அதைப் பொருத்திய பதிவையும் பாருங்கள்.