ஃபிளிப் போன் திரை கருத்துவிட்டதா? முதலில் அதற்கு ஒரு போன் போட்டுப் பாருங்கள்

பாட்டியின் ஃபிளிப் போனைத் திறந்தால் ஒரே கருப்பு, தூக்கிப் போட வேண்டியதுதானா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள். வேறு போனிலிருந்து அதற்குக் கூப்பிடுங்கள். மணி அடித்தால் உள்ளே உயிர் இருக்கிறது என்று அர்த்தம்.

நான் இருப்பது மியான்மரின் யாங்கோனில். போன மழைக்காலத்தில் அப்பாவின் போனுக்கும் இதே கதிதான். இங்கே ஆண்கள் பலரைப் போல அவரும் போனைக் கைலியின் பின்னிடுப்பில் செருகிக்கொள்வார். ஒருநாள் காளி கோவிலுக்குப் போய்விட்டு வந்தவர், "தம்பி, இது கண்ண மூடிருச்சுடா" என்று என் கையில் கொடுத்தார். கூப்பிட்டேன், மணி அடித்தது. எடுத்துப் பேசவும் முடிந்தது. படம்தான் இல்லை.

மூடியை மெல்ல மெல்லத் திறந்து பார்த்தேன். பாதிக்குக் கொஞ்சம் மேலே வந்தபோது ஒரு நொடி திரை மின்னி மறைந்தது. சரி, கோளாறு ரிப்பன் கேபிளில்தான் என்று புரிந்துவிட்டது. போர்டு கீழ்ப்பாதியில் இருக்கும், திரை மேல்பாதியில் இருக்கும். இரண்டுக்கும் நடுவே, கீலுக்குள் சுருண்டு போகிறது அந்த மெல்லிய ரிப்பன். நாளைக்கு 20 தடவை திறந்து மூடினால் வருஷத்துக்கு 7,300 தடவை அது வளைகிறது. உள்ளே இருக்கும் செப்புக் கோடுகளில் விரிசல் விழத்தானே செய்யும்.

எந்தக் கோணத்திலும் மின்னவில்லையா? இருட்டறையில் டார்ச்சைத் திரைமேல் சாய்வாக அடியுங்கள். எழுத்துகள் மங்கலாகத் தெரிந்தால் பின்விளக்கு மட்டும்தான் போயிருக்கிறது. காந்தக் கொக்கி வைத்த உறை போட்டிருந்தால் அதையும் கழற்றிப் பாருங்கள். பல மாடல்களில் மூடியில் சின்னக் காந்தமும் கீழே அதை உணரும் சென்சாரும் இருக்கும். வெளிக்காந்தம் பக்கத்தில் வந்தால், மூடி மூடியே இருக்கிறது என்று நினைத்துப் போன் திரையை எரியவிடாது.

மணியே அடிக்கவில்லை என்றால் பேட்டரியைக் கழற்றி மேசையில் வைத்துச் சுற்றுங்கள். பம்பரம்போல் சுழன்றால் உப்பியிருக்கிறது, அதை மறுபடி சார்ஜில் போடவே கூடாது. உப்பவில்லை என்றால் அதன் உலோக முனைகளை ரப்பரால் தேய்த்துவிட்டு, நல்ல சார்ஜரில் அரைமணி நேரம் போடுங்கள். எங்கள் ஊரில் கரண்ட் போய்த் திரும்பி வரும்போது மின்னழுத்தம் ஏறி இறங்கும், அதனால் பத்து நிமிஷம் பொறுத்துத்தான் நான் சார்ஜரைச் செருகுவேன். நனைந்த போன் என்றால் பேட்டரியை எடுத்துவிட்டு, திறந்தபடியே மின்விசிறிக் காற்றில் வையுங்கள். அத்தை அரிசிப் பானையில் போடச் சொன்னார், நான் போடவில்லை. அரிசித் தவிடு கீலுக்குள் போனால் அது இன்னொரு வேலை.

இதையெல்லாம்விட எனக்குப் பெரிதாகப் படுவது உள்ளே இருக்கும் நம்பர்கள். 2014க்கு முன்னால் இங்கே ஒரு சிம் லட்சக்கணக்கான கியாட் விற்ற காலம் உண்டு. அந்த வருஷம் 1,500 கியாட்டுக்கு வந்தபோதுதான் அப்பா வாங்கினார். அவர் சொந்தபந்தம் முழுக்க அந்தச் சிம்மில்தான் இருக்கிறது. அதை என் போனில் போட்டு, நான் வாசிக்க வாசிக்க அவர் நோட்டில் எழுதினார். மௌல்மீன் சித்தப்பா நம்பர் வந்ததும் பேனாவை வைத்துவிட்டு உடனே கூப்பிட்டுப் பேசினார்.

பாட்டியின் நம்பர்கள் சிம்மில் இல்லாமல் போனின் நினைவகத்தில் இருந்தால், திரை மின்னும் கோணத்தில் மூடியை ஒருவர் அசையாமல் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் எல்லாவற்றையும் சிம்முக்கு மாற்றிவிடுங்கள். ரிப்பன் முழுசாக அறுந்துவிட்டால் அந்த வாய்ப்பும் போய்விடும்.

அப்புறம் கடைக்குக் கொண்டுபோங்கள். ரிப்பன் மாடலுக்கு மாடல் வேறு. புதிது கிடைக்காவிட்டால் அதே மாடலின் செத்த போன் ஒன்றைத் தேடிப் பிடியுங்கள், அதிலிருந்து எடுத்துப் போடலாம். எங்கள் தெரு முனையில் போன் பழுது பார்க்கும் சயா (பர்மிய மொழியில் மரியாதையாக 'வாத்தியார்') அப்படித்தான் செய்தார். கழற்றிய பழைய ரிப்பனைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். மடிகிற இடத்தில் தலைமுடி கனத்தில் ஒரு வெள்ளைக் கோடு. நகம் பட்டதும் இரண்டாகப் பிரிந்துவிட்டது.