அண்ணா வீட்டு விமானச் சீட்டு உங்கள் கடனட்டையில் ஏன்?

கேள்வி (சுருக்கம்): நாங்கள் லண்டன் ஹரோவில் இருக்கிறோம். நான் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன், கணவர் பார்சல் கிடங்கில். பிள்ளைகளுக்கு வயது 13, 9. எட்டு வருடமாக ஒவ்வொரு ஆகஸ்டும் துருக்கியில் கல்கான் என்ற கடற்கரை ஊருக்குப் போய் வருகிறோம். அதே பன்சியோன் (சிறு விடுதி), அதே அறை. வீட்டுக்கார அம்மா வருடா வருடம் பிள்ளைகளைச் சமையலறைக் கதவு நிலையில் நிற்க வைத்து, பென்சிலால் உயரம் குறித்து வைக்கிறார். மூன்று வருடமாக அண்ணா குடும்பமும் நான்கு பேராக எங்களோடு வருகிறது. எட்டுப் பேரின் செலவையும் நான் என் கடனட்டையில் போடுவேன். எங்கள் பங்கைச் செப்டம்பரில் சேமிப்புச் சீட்டுக் காசு வந்ததும் கட்டி விடுவோம். அண்ணா தன் பங்கைப் பிறகு தருவார். கடனட்டையில் இப்போது 6,800 பவுண் நிற்கிறது. வட்டி 24.9 வீதம். குறைந்தபட்சத் தொகையைத்தான் கட்டி வந்தோம், இந்த வருடம் மாதம் 200 ஆக்கியிருக்கிறோம். இப்போது அண்ணா, "வாடகைக்குக் கொட்டுவதை விட அங்கேயே ஒரு பிளாட் வாங்குவோம்" என்கிறார். விலை 180,000 பவுண். எங்கள் பாதிக்கு வீட்டு மோர்ட்கேஜைக் கூட்டி 90,000 எடுக்க வேண்டும். 5 வீதத்துக்கு அருகில் கிடைக்குமாம். முகவர் மூன்று வருடத்துக்கு 7 வீத வாடகை உத்தரவாதம் என்கிறார். அலைச்சல் குறையப் பத்திரம் முதலில் தன் பெயரில் இருக்கட்டும் என்கிறார் அண்ணா. துருக்கிக் காசான லிரா விழும்போது வாங்கினால் லாபம் என்கிறார் கணவர். என்னை லண்டனுக்குக் கூப்பிட்டதும் கல்யாணம் செய்து வைத்ததும் அண்ணாதான். வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம், சகோதரி. ஆனால் உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்படுத்தியது பிளாட் அல்ல. எட்டு வருடம் போய் வந்த உங்களுக்கு அங்கே கார்டை எப்படிப் பயன்படுத்துவது, காசை எங்கே மாற்றுவது என்று நான் சொல்லித் தர வேண்டியதில்லை. நீங்கள் அனுப்பிய மூன்று வருடக் கடனட்டைக் கணக்கைத்தான் இரண்டு முறை உட்கார்ந்து படித்தேன்.

ஒவ்வொரு மார்ச்சிலும் ஒரே மாதிரி மூன்று வரிகள். காட்விக்கில் இருந்து தலமான் விமான நிலையம் வரை எட்டுச் சீட்டு, ஒன்று 350 வீதம் 2,800. இரண்டு அறை, பத்து இரவு, 1,900. வேனும் படகும் 700. மொத்தம் 5,400, இதில் பாதி 2,700 அண்ணா வீட்டுப் பங்கு. அவர் திருப்பித் தந்தது முதல் வருடம் 1,500, அடுத்தது 1,700, போன வருடம் 1,300. மூன்று வருடத்தில் 8,100 வர வேண்டிய இடத்தில் 4,500 வந்திருக்கிறது. மிச்சம் 3,600. உங்களைத் தூங்க விடாத 6,800இல் பாதிக்கு மேல் அண்ணா வீட்டின் பயணச் செலவு. அதற்கு வட்டி கட்டுவது நீங்கள்.

இன்னொன்றையும் பாருங்கள். கடனட்டையில் பழைய பாக்கி நிற்கும்போது புதிதாக வாங்கும் பொருளுக்குப் பெரும்பாலும் வட்டியில்லாத நாட்கள் கிடைக்காது. மார்ச்சில் போட்ட எட்டுச் சீட்டுக்கும் அன்றே வட்டி ஓடத் தொடங்கி விடுகிறது. நீங்கள் செப்டம்பரில் சீட்டுக் காசில் கட்டுகிறீர்கள். அண்ணா நத்தாருக்குக் கொஞ்சம் தருகிறார். அந்த ஆறு, ஒன்பது மாத வட்டியை இதுவரை யாரும் கணக்கில் எடுக்கவே இல்லை. இன்றைய பாக்கிக்கு மாத வட்டி மட்டும் 130 பவுணை ஒட்டி வருகிறது. 200 கட்டினால் கடனில் குறைவது 70 தான். இந்த வேகத்தில், புதிதாக ஒன்றுமே போடாவிட்டாலும், நாலரை வருடம் போகும். உங்கள் மூத்த பிள்ளை அதற்குள் பள்ளிக்கூடத்தையே முடித்து விடும்.

பாதுகாப்புக்காகத்தான் கடனட்டையில் போடுகிறேன் என்று ஓரிடத்தில் எழுதியிருந்தீர்கள். அது சரியான காரணம். 1974ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டம், 75ஆம் பிரிவு, விற்றவர் ஏமாற்றினாலோ கடையை மூடினாலோ கடனட்டை நிறுவனத்திடம் கேட்கும் உரிமையைத் தருகிறது. அந்தப் பாதுகாப்பு அண்ணாவுக்கும் வேண்டும் என்றால் அவர் தன் அட்டையில் போடட்டும்.

இனி பிளாட்டுக்கு வருவோம். மார்ச் மாதத்து அந்த மூன்று வரியின் பெரிய வடிவம்தான் அது: கடன் உங்கள் பெயரில், பொருள் எல்லோருக்கும். இந்த முறை பத்திரம் கூட உங்கள் பெயரில் இல்லை.

90,000 பவுண், 5 வீதம், 20 வருடம். மாதம் ஏறக்குறைய 594, வருடத்துக்கு 7,100. உத்தரவாதம் தரும் 7 வீத வாடகை அப்படியே வந்தாலும் உங்கள் பாதி 6,300. அதிலிருந்து பராமரிப்பு, கட்டடத்தின் மாதச் சந்தா, துருக்கி வருமான வரி எல்லாம் போக வேண்டும். ஆக முகவர் சொல்லும் மிக நல்ல கணக்கிலேயே தவணைக்குக் காசு போதவில்லை. உத்தரவாத வாடகை என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பொறுமை போய் விடுகிறது. மூன்று வருட உத்தரவாதம் என்பது 37,800 பவுண். அதை விலையில் முதலே ஏற்றி வைத்துவிட்டு, பிறகு உங்கள் காசையே தவணை தவணையாக உங்களிடம் தருவது இந்தத் தொழிலில் பழைய வழக்கம். அதே கட்டடத்தில் உத்தரவாதம் இல்லாத பிளாட் என்ன விலைக்குப் போகிறது என்று முகவரிடம் கேட்டுப் பாருங்கள்.

உத்தரவாதம் முடிந்த நாலாவது வருடத்தை நான் கையால் போட்டுப் பார்த்தேன். அங்கே ஆட்கள் வருவது மே முதல் அக்டோபர் வரைதான். பன்னிரண்டு வாரம் வாடகைக்குப் போகிறது, வாரம் 700 என்று வையுங்கள்: 8,400. நிர்வாகம், சந்தா, மின்சாரம், வரி எல்லாம் போக 4,500 மிஞ்சினால் நல்லது. உங்கள் பாதி 2,250. தவணை 7,100. வருடம் 4,900 பவுண் கையிலிருந்து போகும். இதனால் மிச்சமாவது என்ன? பன்சியோன் அறைக் காசு 950. விமானச் சீட்டை அப்போதும் வாங்கத்தான் வேண்டும்.

அந்தப் பன்னிரண்டு வாரமும் சும்மா கிடைக்காது. 2024 ஜனவரி 1 முதல் துருக்கியில் ஒரு முறைக்கு 100 நாளோ அதற்குக் குறைவாகவோ வாடகைக்கு விட சுற்றுலா அமைச்சின் அனுமதி வேண்டும். பிளாட் என்றால் கட்டடத்தின் மற்ற உரிமையாளர்கள் அத்தனை பேரும் சம்மதித்த தீர்மானமும் வேண்டும். ஒருவர் மறுத்தால் முடிந்தது. முகவர் இந்தத் தீர்மானத்தைக் காட்டினாரா? உங்கள் கடிதத்தில் இல்லை.

லிரா பற்றிக் கணவர் சொன்னது பாதி உண்மை. 2015இல் ஒரு பவுணுக்கு நாலு லிரா அளவில் இருந்தது, 2025 கோடையில் ஐம்பதைத் தாண்டியது. ஆனால் விலைவாசியும் சேர்ந்தே ஓடியது. 2022 அக்டோபரில் அரசாங்கக் கணக்கிலேயே பணவீக்கம் 85 வீதம். கல்கானில் மேல்மாடிச் சாப்பாட்டுக் கடையில் உங்கள் பில் எட்டு வருடத்தில் பவுணில் கூடியதா குறைந்ததா என்று அவரையே கேளுங்கள். வெளிநாட்டவருக்கு விற்கும் பிளாட்டுக்கு விலை போடுவதும் பவுணிலும் யூரோவிலும்தான். உங்களுக்குச் சொன்ன விலையே பவுணில்தானே இருக்கிறது? லிரா விழுந்த லாபம் அதில் எங்கே?

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லி விடுகிறேன். பத்திரப் பதிவுக் கட்டணம் 4 வீதம்; பெரும்பாலும் முழுதும் வாங்குபவர் தலையில்தான் விழும். ஐந்து வருடத்துக்குள் விற்றால் அங்கே லாபத்துக்கு வரி உண்டு, இங்கேயும் கணக்குக் காட்ட வேண்டும். துருக்கிக் கடவுச்சீட்டு கிடைக்கும் என்று யாராவது ஆசை காட்டினால், 2022 ஜூன் முதல் அதற்குக் குறைந்தது 400,000 டாலர் வேண்டும். இந்த பிளாட் அதன் அருகில் கூட வராது.

பத்திரம் மட்டும் சுருக்கமாகச் சொல்லக் கூடியது அல்ல. துருக்கியில் உள்ள நிலத்துக்கும் வீட்டுக்கும் வாரிசு உரிமை துருக்கிச் சட்டப்படிதான். அண்ணாவுக்கு ஏதாவது நேர்ந்தால் அவர் பெயரில் உள்ளதில் கால் பங்கு அண்ணிக்கு, முக்கால் பங்கு அவர்கள் பிள்ளைகளுக்கு. உங்கள் 90,000 அந்தக் காகிதத்தில் எங்குமே இருக்காது. அண்ணா ஏமாற்றுவார் என்று நான் சொல்லவில்லை, அப்படி நினைக்கவும் இல்லை. அவர் நல்லவராக இருக்கும்போதே இது நடக்கலாம். அப்போது நீங்கள் அண்ணியிடம் போய் நிற்க வேண்டும், ஹரோ வீட்டின் தவணையும் கட்ட வேண்டும்.

சரி, செய்ய வேண்டியது என்ன? இனி உங்கள் நான்கு பேருக்கு மட்டும் பதியுங்கள். அண்ணாவுக்கு நாளையும் விமானத்தையும் அனுப்பி விடுங்கள், அவர் தானே பதியட்டும். முதல் வருடம் அவர்கள் வராமல் போகலாம். அதைத் தாங்கிக் கொள்ளத்தான் வேண்டும்.

பழைய 3,600ஐ நேரே கேளுங்கள். வட்டியைக் கேட்க வேண்டாம். "அண்ணா, கார்டுக் கடன் என்னால் முடியவில்லை. பழைய பயணக் காசில் 3,600 மிச்சம் இருக்கு. மாதம் நூறாக வங்கியில் தானாக வருகிற மாதிரிப் போட்டு விடுங்கோ" என்று, அண்ணி இல்லாத நேரம், தொலைபேசியில் அல்லாமல் நேரில் போய்ச் சொல்லுங்கள். மூன்று வருடக் கணக்கை ஒரு தாளில் எழுதிக் கொண்டு போங்கள். அவருக்கே இந்தத் தொகை தெரியாமல் இருக்கும் என்பது என் எண்ணம். நீங்கள் இதுவரை ஒருமுறையும் மொத்தமாகச் சொன்னதில்லையே. உங்களை வளர்த்து விட்டவருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற உங்கள் தவிப்பு நியாயமானது. அதற்குப் படகுப் பயணம் ஒரு நாள் எட்டுப் பேருக்கும் நீங்களே காசு கொடுங்கள், அளவு தெரிந்த செலவு அது.

கடனைச் சில மாதங்களுக்கு வட்டி வாங்காத மாற்று அட்டை ஒன்றுக்கு நகர்த்தப் பாருங்கள். கட்டணம் 3 வீதம் என்றால் மொத்தம் 7,000. பதினெட்டு மாதத்தில் முடிக்க மாதம் 390. இப்போது கட்டும் 200, அண்ணாவின் 100, மிச்சம் 90 வேண்டும். அந்தத் தொண்ணூறும் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது: அக்டோபர் பாடசாலை விடுமுறையில் ஒரு சீட்டு 190, அறை ஒரு இரவுக்கு 95க்குப் பதில் 65 என்று எழுதியிருந்தீர்கள். சீட்டு 760, அறை 650, வேனும் மற்றதும் 250. எல்லாம் 1,660. ஆகஸ்டுக்கு 2,700. மிச்சம் 1,040, மாதத்துக்கு 87. புதிய அட்டையில் ஒரு பொருளும் வாங்கி விடாதீர்கள். விமானச் சீட்டை வேறு அட்டையில் போட்டு அந்த மாதமே கட்டுங்கள். அறைக் காசுக்குச் செப்டம்பர்ச் சீட்டுக் காசு சரியாக வந்து சேரும்.

அக்டோபர் கடைசியிலும் அந்தக் கடல் குளிக்க முடியாத அளவுக்குக் குளிர்ந்து விடாது. ஒரு நாள் மழை வரலாம், மாலையில் ஸ்வெட்டர் வேண்டும். ஆகஸ்டில் கால் வைக்க முடியாமல் சுடும் பதாரா கடற்கரை மணல் அப்போது பிள்ளைகள் ஓடுகிற மாதிரி இருக்கும். பதினெட்டுக் கிலோமீட்டர் நீளத்துக்கு ஓடலாம். சில பன்சியோன்கள் மாதக் கடைசியில் மூடி விடும். அதனால் வீட்டுக்கார அம்மாவுக்கு இந்த வாரமே செய்தி அனுப்பி, அறை திறந்திருக்குமா என்று கேளுங்கள். ஒரு அறை போதும் என்று சொல்லுங்கள்.