நெருஞ்சி முள்ளுக்குத் தாங்கும் பின் டயர்

கேள்வி: அண்ணா, நான் திருகோணமலை உப்புவெளியில் இருக்கிறேன். என்னிடம் 29 அங்குல மவுண்டன் சைக்கிள் இருக்கிறது. சனி, ஞாயிறில் கன்னியாப் பக்கம் கிரவல் ரோட்டிலும் காட்டுப் பாதையிலும் ஓடுவேன், சில நேரம் நிலாவெளிக் கடற்கரையோரமும் போவதுண்டு. பின் டயர் மொட்டையாகிவிட்டது, வாரத்துக்கு ஒரு முள்ளாவது ஏறுகிறது. டியூப்லெஸ் போடலாம் என்று கேட்டால், முன்னுக்கு இருக்கிற மாதிரியே தரையைப் பிடிக்கிற பெரிய கட்டை வைத்த விலை கூடிய டயரைத்தான் பின்னுக்கும் போடச் சொல்கிறார்கள். என் எடை 78 கிலோ. எதை வாங்குவது?

பதில்: தம்பி, டியூப்லெஸ் போடுங்கள். நம் பக்கத்து முள்ளுக்கு அதைவிட நல்ல மருந்து கிடையாது. ஆனால் முன் டயரின் சோடியைப் பின்னுக்கு வாங்க வேண்டாம்.

முன் டயரும் பின் டயரும் செய்கிற வேலை வேறு. வளைவில் முன் டயர் வழுக்கினால் ஆள் விழுந்த பிறகுதான் தெரியும். பின் டயர் வழுக்கினால் உடம்பைக் கொஞ்சம் அசைத்துச் சமாளித்துவிடலாம். அதனால் பிடிமானத்துக்கான பெரிய கட்டைகளும் மென்மையான இறப்பரும் முன்னுக்குத்தான் வேண்டும். உங்கள் எடையில் பாதிக்கு மேல் சுமப்பது பின் டயர், மிதிக்கிற பலம் முழுவதும் தரையில் இறங்குவதும் அதன் வழியாகத்தான். முதலில் தேய்வதும் கல்லில் அடிபடுவதும் அதுவே. அதில் மென்மையான இறப்பரைப் போட்டால் உழைப்புக் கூடும், டயரும் சீக்கிரம் மொட்டையாகும். நடுவில் தாழ்வான கட்டைகள் நெருக்கமாகவும், ஓரத்தில் கொஞ்சம் உயரமான கட்டைகள் திடமாகவும் இருக்கிற டயர்தான் நம் கிரவலுக்கும் காய்ந்த செம்மண்ணுக்கும் சரி. மாரியில் தம்பலகாமம் வயல் பக்கம் போகிறவர் என்றால் கட்டைகளுக்கிடையே இடைவெளி உள்ளதைப் பார்க்கச் சொல்வேன். இல்லாவிட்டால் சேறு அப்பிக்கொண்டு விடாது. உங்கள் பாதைக்கு அது தேவையில்லை. நிலாவெளி மணலில் எந்தக் கட்டையும் உதவாது, அகலமும் குறைந்த காற்றும்தான் உதவும்.

கட்டையைப் பற்றி இவ்வளவு போதும். பணத்தைப் போட வேண்டிய இடம் டயரின் பக்கச்சுவர். எங்கள் கடைகளில் அதைப் பற்றி யாரும் வாயே திறப்பதில்லை என்பது எனக்கு நெடுநாள் கவலை.

நெருஞ்சிக் காயை ஒருமுறை கையில் எடுத்துப் பாருங்கள். எப்படிப் போட்டாலும் ஒரு முள் மேலே பார்த்தபடிதான் நிற்கும். அது டயரில் போடுகிற ஓட்டையை உள்ளே ஊற்றுகிற சீலன்ட் அடைத்துவிடும். பெரும்பாலான சீலன்ட் இறப்பர் பாலில் நுண்ணிய துணுக்குகள் கலந்தது. காற்று வெளியே பாயும்போது பாலும் கூடவே வந்து, ஓட்டையின் வாயிலேயே உறைந்துவிடுகிறது. முள்ளைப் பிடுங்கினால் 'சீ' என்று சத்தம் வரும், வெள்ளையாகக் குமிழி கட்டும். அந்த இடம் கீழே வரும்படி சில்லைத் திருப்பிப் பிடித்தால் கொஞ்ச நேரத்தில் சத்தம் அடங்கி ஒரு வெள்ளைப் புள்ளி மட்டும் நிற்கும். முதல்முறை பார்த்தபோது எனக்கு நம்பவே முடியவில்லை.

ஆனால் சல்லிக்கல்லோ போத்தல் ஓடோ பக்கச்சுவரைக் கிழித்தால் அந்தப் பால் ஒன்றும் செய்யாது. காற்று ஒரேயடியாக இறங்கிவிடும். கந்தளாய்ப் பக்கம் யானை இறங்குகிற நேரத்தில் அப்படி நிற்பது விளையாட்டு இல்லை. ஆகவே பக்கச்சுவருக்குத் தனிக் காப்பு வைத்த டயரையே கேளுங்கள். மேக்ஸிஸ் டயர்களில் அதற்கு 'எக்ஸோ' என்று எழுதியிருக்கும், மற்றக் கம்பனிகள் வேறு பெயர் வைத்திருக்கும். 'டிபிஐ' என்று ஒரு எண்ணும் இருக்கும். டயரின் உள்துணியில் ஓர் அங்குலத்துக்குள் எத்தனை நூல் என்ற கணக்கு அது. 120 என்றால் மெல்லிய நூல், டயர் இலேசு, ஓட்டம் சுகம். 60 என்றால் தடித்த நூல், எடை கொஞ்சம் கூட, அடி தாங்கும். பின்னுக்கு 60 போதும், விலையும் பெரும்பாலும் குறைவு. 29 அங்குலத்தில் 800 கிராம் அளவில் இருந்தால் பயப்பட வேண்டாம். 650 கிராமுக்கு இறங்குகிற பந்தய டயரைத்தான் நான் நம் பாதைக்கு வாங்க மாட்டேன்.

மேக்ஸிஸ் ஆர்டென்ட், விட்டோரியா மெஸ்கால் இரண்டும் இந்த வேலைக்குப் பொருந்துகிறவை. ஆனால் பெயரை மட்டும் சொல்லி வாங்காதீர்கள். ஒரே பெயரில் பல வகை வரும். ஆர்டென்ட் டயரே ஓரத்தில் இரும்புக் கம்பி வைத்து, டியூப் போட்டு ஓடுவதற்கென்றும் வருகிறது. கொழும்பிலிருந்து எடுப்பித்த பிறகு இதைக் கண்டு என்ன செய்வது? டியூப்லெஸ் ரெடி என்ற சொல்லோ, மேக்ஸிஸ் என்றால் 'டிஆர்' என்ற எழுத்தோ டயரின் பக்கத்திலேயே இருக்க வேண்டும். மடித்துப் பெட்டியில் வருகிற டயரா என்றும் கேளுங்கள். கம்பி வைத்தது அப்படி மடியாது.

அளவுக்கு 29 என்பதை நம்பாமல் 57-622 போல அச்சடித்திருக்கிற எண்ணைப் பாருங்கள். 57 என்பது டயரின் அகலம், 622 என்பது ரிம்மில் டயர் உட்காருகிற இடத்தின் விட்டம், இரண்டும் மில்லிமீற்றரில். நம் ஊர்ப் பழைய 28 அங்குலச் சைக்கிளுக்கு அந்த விட்டம் 635. பெயரில் சிறியதாக இருக்கிற 28தான் ரிம்மில் பெரியது! உங்களுக்கு 2.25 முதல் 2.4 அங்குலம் வரை அகலம் சரிவரும். ரிம்மின் உள்ளகலம் 25 மில்லிமீற்றருக்குக் குறைவென்றால் 2.25 உடன் நில்லுங்கள். சட்டத்துக்கும் டயருக்கும் நடுவில் இரண்டு பக்கமும் ஒரு சின்ன விரல் போகிற இடம் இருக்கிறதா என்று கடைக்குப் போகுமுன் பார்த்துவிடுங்கள்.

ரிம்மும் டியூப்லெஸ்ஸுக்கானதாக இருக்க வேண்டும். ஸ்போக் ஓட்டைகளை மூட அதற்கென்ற டேப்பும் தனி வால்வும் வாங்குங்கள். கடையில் சாதாரண டேப்பைச் சுற்றித் தந்தால் ஒரு மாதத்தில் காற்று இறங்கத் தொடங்கும். டயரை ஏற்றும்போது ஓரத்தில் சவர்க்காரத் தண்ணீர் தடவி, வால்வின் ஊசியைக் கழற்றிவிட்டுக் காற்றடியுங்கள். 'டக், டக்' என்று சத்தம் வந்தால் டயர் இருக்கையில் ஏறிவிட்டது. பெற்றோல் செட் கம்பிரஸரில் அடிப்பதென்றால் ரிம்மிலும் டயரிலும் எழுதியிருக்கிற உச்ச அளவைத் தாண்ட விடாதீர்கள், பக்கத்தில் நின்று மீற்றரைப் பாருங்கள். ஏறிய பிறகு வால்வ் வழியாக 100 மில்லிலீற்றர் சீலன்ட் விட்டு, ஊசியைத் திரும்பப் போட்டுக் காற்றடியுங்கள். உங்கள் எடைக்குப் பின்னுக்குக் காற்றழுத்தத்தை 25 பிஎஸ்ஐயில் தொடங்கலாம், முன்னுக்கு இரண்டு மூன்று குறைவாக. ரிம் கல்லில் இடித்தால் ஒன்று இரண்டு கூட்டுங்கள்.

இனி முக்கியமான பராமரிப்பு. போத்தலில் ஆறு மாதம் என்று எழுதியிருந்தாலும் நம் வெயிலுக்கு அந்தக் கணக்கு வேண்டாம். வைகாசியிலிருந்து கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் பால் வேகமாகக் காய்ந்துவிடும். இரண்டு மாதத்துக்கொருமுறை சில்லைக் காதருகே பிடித்து ஆட்டுங்கள். தண்ணீர் தளும்புகிற சத்தம் இல்லையென்றால் ஊற்ற வேண்டிய நேரம். நான் ஒருமுறை ஐந்து மாதம் விட்டுத் திறந்தபோது உள்ளே பாலாடை போல ஒரு தோல் ஒட்டியிருந்தது, ஒரு சொட்டுக்கூட ஈரம் இல்லை.

ஒரு ஸ்பேயர் டியூப் எப்போதும் கொண்டுபோங்கள். அதைப் போடுமுன் டயரின் உட்புறத்தைத் துணி சுற்றிய விரலால் முழுச் சுற்றும் தடவுங்கள். பால் அடைத்துவிட்ட பழைய முட்கள் நுனி நீட்டியபடி உள்ளே இருக்கும். திரியாய் போகிற வழியில் இதைச் செய்யாமல் டியூப் போட்டு, அரை மணி நேரத்துக்குள் அதுவும் போய், வெயிலில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்திருக்கிறேன். பிறகு வீட்டில் அந்த டயரிலிருந்து 11 முள் எடுத்தேன்.

பணம் இறுக்கமென்றால் இன்னொரு வழியும் உண்டு. புதியதை முன்னுக்குப் போட்டு, பாதி தேய்ந்த முன் டயரைப் பின்னுக்கு மாற்றலாம். அது டியூப்லெஸ் வகையாகவும், பக்கச்சுவர் வெடிப்பில்லாமலும் இருந்தால் தாராளமாகச் செய்யுங்கள்.

கேள்வி: புதிய டயர் என்று வாங்கியது இரண்டே மாதத்தில் பக்கத்தில் கீறல் கீறலாக வெடிக்கிறது. கடையில் மாற்றித் தர மாட்டோம் என்கிறார்கள். பில்லும் தரவில்லை. என்ன செய்யலாம்? (மூதூர் வாசகர்)

பதில்: ஓடிக் கிழிந்ததல்ல, வெயிலில் தொங்கி உலர்ந்த டயர் போலத்தான் தெரிகிறது. கடை வாசலில் மாதக்கணக்காகத் தொங்குகிற டயரை வாங்காதீர்கள். வாங்குமுன் பக்கச்சுவரைப் பெருவிரலால் வளைத்துப் பாருங்கள், மயிரிழை வெடிப்பு இருந்தால் அப்போதே தெரியும். பற்றுச்சீட்டு நாம் கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. திரும்பப் போய் மரியாதையாக அதைக் கேளுங்கள். வெடிப்புகளைக் கிட்டே வைத்துப் படமும் எடுத்துக்கொள்ளுங்கள். மறுத்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைத்து விவரம் சொல்லி, முறைப்பாட்டை எழுத்திலும் கொடுங்கள். நாளைக் கடத்த வேண்டாம்.

கேள்வி: மகனின் பழைய 26 அங்குலச் சைக்கிளையும் டியூப்லெஸ் ஆக்கலாமா? (கிண்ணியா வாசகி)

பதில்: ரிம் அதற்கானது இல்லையென்றால் வேண்டாம் அக்கா. பிள்ளை திரும்புகிற இடத்தில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றால் ஆபத்து. மோட்டார் சைக்கிளில் இருக்கிற மாதிரி வால்வ் உள்ள, கொஞ்சம் தடித்த டியூப் வாங்கி, வால்வின் ஊசியைக் கழற்றி, டியூப்புக்கென்று விற்கிற சீலன்ட்டை உள்ளே விடச் சொல்லுங்கள். பள்ளிக்கூடத்துக்குப் போய்வருகிற வழியில் நெருஞ்சிக்கு அதுவே தாங்கும்.