கேட்டதும் சொன்னதும்

கேள்வி: நடிகராக இருந்து அமெரிக்க ஜனாதிபதியான ரீகன் தேர்தலில் நின்றபோது அவர் நடித்த படங்களை அமெரிக்க டிவியில் தடை செய்தார்களாமே, நிஜமா?
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: தடை எதுவும் போடவில்லை. டிவிக்காரர்களே பயந்துபோய் எடுத்து வைத்துவிட்டார்கள். 1934-ஆம் வருடத்துத் தகவல் தொடர்புச் சட்டத்தில் ஒரு பிரிவு உண்டு. ஒரு வேட்பாளரைத் திரையில் காட்டினால், எதிர்த்து நிற்பவர் வந்து கேட்கும்போது அவருக்கும் அதே அளவு நேரம் தர வேண்டும். செய்திக்கும் செய்திப் பேட்டிக்கும் 1959-இல் விலக்கு தந்தார்கள். சினிமாவுக்குத் தரவில்லை. ஆக, ரீகன் ஒரு சிம்பன்சியோடு மல்லுக்கட்டும் பழைய காமெடிப் படமும் கணக்கில் வந்துவிடும். (அதைப் பார்த்தால் ஓட்டு கூடுமா, குறையுமா என்று சட்டம் கேட்பதில்லை.) 1976-இல் அப்போதைய ஜனாதிபதி ஃபோர்டை எதிர்த்துக் கட்சிக்குள் மோதியபோதும், 1980-இலும் இதுதான் நிலைமை.

2003-இல் கலிபோர்னியா கவர்னர் பதவிக்கு ஹாலிவுட் நடிகர் அர்னால்ட் ஷ்வார்ஸ்நெக்கர் நின்றாரே, அப்போது வாக்குச்சீட்டில் மொத்தம் 135 பெயர்கள். அவர் படம் ஒன்றை உள்ளூர் சேனல் போட்டால் மீதி 134 பேரும் ஆளுக்கு அதே அளவு நேரம் கேட்கலாம். எந்த முதலாளி துணிவார்?

இன்று இந்தச் சட்டம் எனக்குப் பரிதாபமாகத் தெரிகிறது. 2024 தேர்தலுக்கு மூன்று நாள் முன்பு கமலா ஹாரிஸ் என்பிசி சேனலின் ‘சாட்டர்டே நைட் லைவ்’ காமெடி நிகழ்ச்சியில் ஓரிரு நிமிடம் தலைகாட்டினார். மறுநாளே கார் பந்தய ஒளிபரப்பில் எதிர் வேட்பாளர் ட்ரம்புக்கு இடம் ஒதுக்கியது அந்த சேனல். ஆனால் அதற்கு முந்தைய வாரம் ஜோ ரோகன் இணையத்தில் நடத்தும் பேச்சு நிகழ்ச்சியில், அதாவது பாட்காஸ்ட்டில், ட்ரம்ப் ஏறக்குறைய மூன்று மணி நேரம் பேசியிருந்தார். பாட்காஸ்ட்டுக்கு இந்த விதியே கிடையாது.

கேள்வி: பாடகி டெய்லர் ஸ்விஃப்ட் சொன்னால் ஓட்டு விழும் என்றார்களே?
– ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: கூட்டம் வந்தது. 2024 செப்டம்பரில் ஹாரிஸுக்கு ஆதரவு சொல்லி அவர் பகிர்ந்த இணைப்பு வழியே, ஒரே நாளில் 4 லட்சம் பேர் வாக்காளர் பதிவுத் தளத்துக்குப் போனார்கள். அப்புறம்? அவர் பிறந்த பென்சில்வேனியாவையே ட்ரம்ப் ஜெயித்தார்.

அடுத்தவருக்காகச் சிபாரிசு செய்யும் நட்சத்திரத்தைவிட, தானே வருடக்கணக்கில் வரவேற்பறைக்குள் வந்துபோனவருக்குத்தான் பலன் அதிகம் என்பது என் கட்சி. ரீகனையே எடுத்துக்கொள்ளுங்கள். 1954 முதல் 1962 வரை ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியின் டிவி நாடகத் தொடரை அவர்தான் தொகுத்து வழங்கினார். அதே சம்பளத்தில் கம்பெனியின் ஆலைகளுக்கெல்லாம் போய்த் தொழிலாளர்களிடம் பேசிப் பேசிப் பழகினார். கலிபோர்னியா கவர்னர் தேர்தலுக்கு வந்தது 1966-இல்தான்.